பாயிரமும் உரிமமும்: திறமூல மென்பொருளில் பெயர் சுட்டும் கடன்

தோற்றுவாய்

நூலொன்று கைக்கு வந்ததும் அதன் முகப்பைப் புரட்டி, ஆக்கியோன் யார், பதிப்பித்தோர் யாவர் என்று நோக்குதல் கற்றோர் வழக்கம். இன்று நம் மாணவர் நாள்தோறும் புழங்கும் நூல்களுள் ஒருவகை கண்ணுக்குப் புலனாகாதது. அதுவே கணிப்பொறி நிரல். தேர்வு முடிவைக் காணவும், தொடர்வண்டிப் பயணத்திற்கு முன்பதிவு செய்யவும், நூலகத்தில் நூல் தேடவும் நாம் திறக்கும் வலைச் செயலி ஒவ்வொன்றின் பின்னும் பலர் எழுதிய நிரல்கள் அடுக்கடுக்காய் நின்று தொண்டு புரிகின்றன. அவற்றுள் மிகப் பல விலையின்றிக் கிடைப்பவை. மூலநிரல் திறந்து வைக்கப்பட்டமையால் திறமூல மென்பொருள் எனப் பெயர் பெற்றவை.

விலை இல்லை எனினும் இவற்றிற்குக் கட்டுப்பாடு உண்டு. எழுதியோர் பெயரையும், அவர் அளித்த இசைவுரையையும் நீக்காமல் உடன் வைத்திருத்தல் வேண்டும் என்பதே அவற்றுள் யாவர்க்கும் பொதுவானது. இக்கடனை நிறைவேற்றுவது எங்ஙனம், அதனை விடுத்தால் நேர்வது யாது, நம் இலக்கண மரபும் மார்க்கக் கல்வி மரபும் இதன்மீது எத்தகைய ஒளியைப் பாய்ச்சுகின்றன என்பவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிரலும் இலக்கியமே

தமிழ்த்துறை மலரில் கணிப்பொறி நிரலுக்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். அவர்க்கு விடையைச் சட்டமே தருகின்றது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி அச்சட்டம் கணிப்பொறி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்னும் சொல்லின் பொருளுக்குள் அடக்கிக்கொண்டது. ஆகவே, சட்டத்தின் கண்களுக்குக் காப்பியமும் நிரலும் ஓரினமே. அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு, ஆக்கியோன் தன் உரிமையைப் பிறர்க்கு விற்றுவிட்ட பின்னரும், 'இது யான் எழுதியது' என்று கூறிக்கொள்ளும் உரிமை அவனிடமே தங்கும் என்கிறது. பொருளுரிமை கைமாறும், பெயருரிமை கைமாறாது.

இதனோடு மற்றொன்றும் அறிதற்குரியது. பதிப்புரிமை, எழுதிய அப்பொழுதே எழுதியவனைச் சார்கின்றது. பதிவு செய்தல் அதற்கு இன்றியமையாததன்று. எனவே, பொதுவெளியில் கிடக்கும் நிரலில் உரிமம் எதுவும் எழுதப்படாதிருப்பின் அது யாவர்க்கும் உரியது என்று கொள்ளுதல் பிழை. இசைவு தரப்படவில்லை என்பதே அதன் பொருள். திறமூல உரிமம் என்பது, பூட்டிய வீட்டின் திறவுகோலை உரியவர் மனமுவந்து அளிப்பதை ஒக்கும். அத்திறவுகோலில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது; அதனைத் தேய்த்து அழிக்காதிருக்க வேண்டுமென்பது ஒன்றே பல வேளைகளில் அவர் கேட்கும் கைம்மாறு.

பாயிரமும் வழிநூலும்

ஆக்கியோன் பெயரை நூலின் முகப்பிலே நிறுத்துவது தமிழ்மரபுக்குப் புதிதன்று. பவணந்தியார் நன்னூலில் சிறப்புப்பாயிரத்தின் இலக்கணம் கூறுமிடத்து, ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினை எண்ணுகின்றார். இவற்றுள் முதலிரண்டும் ஈண்டு நோக்கத்தக்கன. இந்நூலை ஆக்கியவர் யார்? இது எதன் வழியாக வந்தது? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறிய பின்னரே பிற செய்திகள் தொடர்கின்றன. பாயிரமின்றி நூல் நிறைவுறாது என்பது நம் இலக்கண ஆசிரியர்தம் உறுதியான கொள்கை.

மேலும், நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுத்ததும் நம் மரபே. முன்னோர் நூலின் முடிபைத் தழுவி, பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளையும் சேர்த்துரைப்பது வழிநூல். திறமூல உலகில் ஒருவர் நிரலை மற்றொருவர் எடுத்து, திருத்தி, கூட்டிக் குறைத்துப் புதிதாக ஒன்றை ஆக்கும்பொழுது பிறப்பதும் இத்தகைய வழிநூலேயாகும். வழிநூல் செய்தல் குற்றமன்று. அதனை முதல்நூல் எனக் காட்டுதலே குற்றம். தொல்காப்பியனார் தம் நூல் நெடுகிலும் 'என்ப', 'மொழிப' என்று முன்னோரைச் சுட்டிச் செல்வதும் இந்நேர்மையின் வெளிப்பாடே எனலாம்.

இஸ்னாதும் இஜாஸாவும்

இஸ்லாமியக் கல்வி மரபில் இக்கொள்கை இன்னும் நுட்பமாக வளர்ந்தது. ஹதீஸ் ஒவ்வொன்றும் இரு பகுதிகளை உடையது. ஒன்று மத்ன் எனப்படும் செய்தி. மற்றொன்று இஸ்னாத் எனப்படும் அறிவிப்பாளர் வரிசை. இன்னார் இன்னாரிடமிருந்து கேட்டார் என்று பெயர்கள் சங்கிலியாய்த் தொடர்ந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வரை செல்லும். இடையே ஒரு கண்ணி அறுமாயின் செய்தியின் வலிமை குன்றும். தமக்கு இடையிலிருந்து அறிவித்தவரின் பெயரை மறைத்து, மேலுள்ளவரிடம் தாமே நேரிற் கேட்டாற்போன்ற தோற்றத்தை உண்டாக்குவதை ஹதீஸ் கலையினர் 'தத்லீஸ்' என்று பெயரிட்டுக் கண்டித்தனர். பொய் சொல்லாமலே, பெயரை விட்டுவிடுதலாலேயே ஒருவர் பிழைபுரிய இயலும் என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர்.

அம்மரபிலே 'இஜாஸா' என்பதும் உண்டு. ஆசிரியர் தாம் கற்பித்த நூலைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் இசைவை மாணவர்க்கு வழங்குவது இஜாஸா. இசைவும் ஆசிரியர் பெயரும் ஒரே ஏட்டில் இணைந்தே வரும். ஒன்றை வெட்டினால் மற்றொன்றும் வெட்டுப்படும். திறமூல உரிமத்தின் அமைப்பும் ஏறத்தாழ இதுவேயாகும். மேல்வரியில் ஆக்கியோன் பெயரும் ஆண்டும், அதன்கீழ் இசைவுரை. இவ்விரண்டையும் பிரித்தல் ஆகாது.

உரிமங்கள் கேட்பன

இனி, வழக்கிலுள்ள உரிமங்கள் சிலவற்றை நோக்குவோம். எம்.ஐ.டி. உரிமம் மிகச் சிறியது. சில பத்திகளே கொண்டது. பயன்படுத்தலாம், படியெடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம் என்று தாராளமாக வழங்கிவிட்டு ஒரே ஒரு நிபந்தனையை வைக்கின்றது. பதிப்புரிமைக் குறிப்பும் இசைவுக் குறிப்பும் எல்லாப் படிகளிலும், நிரலின் கணிசமான பகுதி எடுக்கப்பட்ட இடங்களிலும் இடம்பெற வேண்டும் என்பதே அது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற் பிறந்த பி.எஸ்.டி. உரிமமும் இத்தகையதே. மூலநிரலாகத் தரின் குறிப்பு அதனுள்ளேயே நிற்றல் வேண்டும். இயங்குநிலையில் தரின் உடன்வரும் ஆவணங்களிலேனும் இடம்பெறல் வேண்டும். அதன் மூன்று கூறுடைய வடிவம், ஆக்கியோர் பெயரைக் காட்டி நம் பொருளுக்கு அவர் பரிந்துரை உண்டென்று விளம்பரம் செய்வதையும் தடுக்கின்றது. பெயரை மறைப்பது ஒரு பிழையாயின், அவர் சொல்லாததை அவர்மேல் ஏற்றுவது பிறிதொரு பிழை.

2004ஆம் ஆண்டில் வெளிவந்த அப்பாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, உரிமத்தின் படியொன்றை உடன் தருதலையும், திருத்திய கோப்புகளில் 'இது திருத்தப்பட்டது' என்று விளங்கக் குறித்தலையும் வேண்டுகின்றது. முன்னோர் 'அறிவிப்பு' என்னும் கோப்பினை வைத்திருப்பின் அதிலுள்ள பெயர்க் குறிப்புகளையும் கொண்டுசெல்லப் பணிக்கின்றது.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் அறிவித்த ஜி.என்.யூ. திட்டத்தின் பயனாகத் தோன்றிய ஜி.பி.எல். உரிமம் 1989, 1991, 2007 ஆகிய ஆண்டுகளில் மூன்று பதிப்புகளாக வந்தது. பெயர் சுட்டலோடு நில்லாது, நிரலைப் பிறர்க்கு வழங்குவோர் அதன் மூலநிரலையும் அதே உரிமத்தின்கீழ் வழங்க வேண்டும் என்கின்றது. தான் பெற்ற வாய்ப்பைத் தனக்குப்பின் வருவோர்க்கும் அடைத்துவிடாதே என்பது அதன் கருத்து.

பெயர் மறையும் இடம்

வலைச் செயலி இருவேறு இடங்களில் இயங்குவது. ஒரு பகுதி வழங்கிக் கணிப்பொறியிலேயே தங்கிவிடும். மறுபகுதி பயன்படுத்துவோரின் உலாவிக்கு அனுப்பப்படும். இவ்வேறுபாடு உரிமத்தைப் பொறுத்தவரை முதன்மையானது. வழங்கியில் மட்டும் இயங்கும் நிரலின் படி எவர்க்கும் தரப்படுவதில்லை. ஆதலின், படியெடுத்து வழங்குவோர்க்கென விதிக்கப்பட்ட நிபந்தனைகள் பொதுவாக அவ்விடத்து எழுவதில்லை. அச்செயலியைப் பிறிதொரு கல்லூரிக்கு அளிக்கும்பொழுது அவை எழும். வலைவழிப் பயன்பாட்டினால் தோன்றிய இவ்விடைவெளியை நிரப்பவே 2007ஆம் ஆண்டு நவம்பரில் ஏ.ஜி.பி.எல். உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வெளியிடப்பெற்றது. அதன்படி, திருத்திய நிரலை வலைவழியே பிறர் பயன்படுத்தச் செய்வோர் அவர்க்கு மூலநிரலைப் பெறும் வாய்ப்பையும் அளித்தல் வேண்டும்.

ஆனால், உலாவிக்குச் செல்லும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலும், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் பாணிக் கோப்பும், எழுத்துருவும் ஒவ்வொரு முறையும் படியாகவே செல்கின்றன. ஆகவே, பெயர்க் குறிப்பும் உடன் செல்ல வேண்டிய இடம் இதுவே. பெயர் மறைவதும் இங்கேதான்.

அது மறையும் முறை எளியது. பக்கம் விரைந்து திறத்தற்பொருட்டு நிரலைச் சுருக்கும் கருவிகளைப் பயன்படுத்துகின்றனர். அவை வெற்றிடங்களை நீக்கும். நீண்ட பெயர்களை ஓரெழுத்தாக்கும். நிரலின் இயக்கத்திற்குத் தேவையற்றவை என்று குறிப்புரைகளையும் களையும். ஆக்கியோன் பெயரும் உரிமமும் குறிப்புரையாகவே எழுதப்பட்டிருத்தலின் அவையும் உடன் களையப்படலாம். எவரும் தீய எண்ணத்தோடு செய்ததன்று. ஆயினும், பாயிரம் கிழிந்துபோன நூலே உலாவியைச் சென்றடைகின்றது. இதனை அறிந்தே நிரலாசிரியர், காக்க வேண்டிய குறிப்புரையின் தொடக்கத்தில் சாய்கோட்டையும் உடுக்குறியையும் அடுத்து ஒரு வியப்புக்குறியை இட்டுவைப்பர். அக்குறி கண்டால் சுருக்கும் கருவிகள் பல அதனைத் தொடாது விடும். சில கருவிகள் அத்தகைய குறிப்புகளைத் திரட்டித் தனிக் கோப்பாகவும் தரும். அக்கோப்பினைச் செயலியுடன் சேர்த்து வைத்தல் நம் பொறுப்பு.

ஒரு வழக்கு

பெயர் விடுபடுதல் அத்துணைப் பெரிய குற்றமோ என்று ஐயுறுவோர்க்கு அமெரிக்க நாட்டு வழக்கொன்று விடை பகரும். பெர்க்லியின் இயற்பியல் பேராசிரியரான ராபர்ட் ஜேகப்சன், பொம்மைத் தொடர்வண்டிகளைக் கணிப்பொறியால் இயக்கும் ஜே.எம்.ஆர்.ஐ. என்னும் திறமூலத் திட்டத்தை நடத்திவந்தார். தன்னார்வலர் பலர் உழைப்பால் உருவாகிய அதன் கோப்புகள் சிலவற்றை, அத்துறையின் வணிக நிறுவனம் ஒன்று தன் மென்பொருளில் எடுத்தாண்டது. எடுத்தாளுதற்கு இசைவு இருந்தது. ஆனால், ஆக்கியோர் பெயர், பதிப்புரிமைக் குறிப்பு, உரிமக் கோப்பினைச் சுட்டும் வரி, மூலம் கிடைக்குமிடம், செய்த திருத்தங்களின் விளக்கம் ஆகியவை விடப்பட்டிருந்தன.

2006ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வழக்கில், கீழ்மன்றம் இதனை ஒப்பந்த மீறல் என்ற அளவிலேயே கண்டு தடையாணை வழங்க மறுத்தது. மேல்முறையீட்டில், கூட்டாட்சி வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் அத்தீர்ப்பை விலக்கி, வழக்கை மறு ஆய்வுக்குத் திருப்பியனுப்பியது. பெயர் சுட்டுதல் முதலியவை வெறும் வேண்டுகோள்கள் ஆகா. இசைவு எதன்மீது நிற்கின்றதோ அந்த நிபந்தனைகளே அவை. அவற்றை மீறினால் இசைவின் எல்லையைத் தாண்டியதாகும். அது பதிப்புரிமை மீறலாகக் கொள்ளப்படலாம் என்பது அம்மன்றத்தின் நிலைப்பாடு. பணம் பெறாது வழங்கினார் என்பதனால் அவர்க்குப் பொருளாதார நலன் எதுவுமில்லை என்று கருதலாகாது என்பதையும் அது தெளிவுபடுத்தியது. 2010ஆம் ஆண்டில் இருதரப்பினரும் உடன்பாடு கண்டனர். எதிர்வழக்காடியவர் ஒரு இலட்சம் டாலர் செலுத்த இசைந்தார்.

விலையின்றிப் பெற்ற ஒன்றிற்காக ஒரு இலட்சம் டாலர் என்பது எண்ணிப் பார்த்தற்குரியது. தொடக்கத்திலேயே ஐந்தாறு வரிகளைக் களையாது விட்டிருப்பின் செலவு ஏதுமில்லை.

மாணவர் கைக்கொள்ளும் முறை

மாணவர் ஒருவர் கல்லூரி நூலகத்திற்கென ஒரு வலைச் செயலி அமைப்பதாகக் கொள்வோம். பக்கத்தின் அசைவுகளுக்கு ஜேகுவெரி, தோற்றத்திற்கு பூட்ஸ்டிராப், கல்லூரி அமைவிடத்தைக் காட்ட லீஃப்லெட், தமிழ் எழுத்துகளுக்கு நோட்டோ எழுத்துரு ஆகியவற்றை அவர் பயன்படுத்துகின்றார். முன்னிரண்டும் எம்.ஐ.டி. உரிமம் கொண்டவை. லீஃப்லெட், உக்ரைன் நாட்டு நிரலாசிரியர் வொலோதிமிர் அகாஃபோன்கின் தொடங்கியது. இரு கூறுடைய பி.எஸ்.டி. உரிமத்தது. வரைபடத்தின் தரவு ஓபன்ஸ்டிரீட்மேப் திட்டத்தினது. 2012 முதல் திறந்த தரவுத்தள உரிமத்தின்கீழ் வழங்கப்படுவது. அதன் பங்களிப்பாளர்க்குரிய பெயர்க்குறிப்பு வரைபடத்தின் மூலையிலேயே காணப்படும். இடம் அடைக்கின்றது என்று அதனை நீக்குதல் தகாது. எழுத்துரு, எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தது. அதன் குறிப்பு, தனி உரைக்கோப்பாகவோ எழுத்துருக் கோப்பின் உள்ளேயோ இருக்கலாம்.

அவர் செய்யத்தக்கன இவை:

முதலாவதாக, ஒவ்வொரு நிரலையும் சேர்க்கும் நாளிலேயே அதன் பெயர், பதிப்பெண், ஆக்கியோர், உரிமம், பெற்ற இடம் ஆகியவற்றை ஏட்டிற் குறித்தல் வேண்டும். இறுதி நாளில் நினைவை நம்புதல் கூடாது.

இரண்டாவதாக, பதிப்புரிமை வரியை உள்ளவாறே எடுத்தெழுதுதல் வேண்டும். ஜேகுவெரி, பூட்ஸ்டிராப் இரண்டும் ஒரே உரிமத்தன என்று உரிமத்தை ஒருமுறை அச்சிட்டுப் பெயர்களை விட்டுவிடுதல் பிழை. உரிமவாசகம் ஒன்றாயினும் பெயர்வரி வெவ்வேறு.

மூன்றாவதாக, செயலியின் அடிப்பகுதியில் 'திறமூல உரிமங்கள்' என ஓர் இணைப்பு அமைத்து, அதன்வழித் திறக்கும் பக்கத்தில் இவற்றை முழுமையாகத் தருதல் நன்று. பிறர் தளத்திற்குச் சுட்டி மட்டும் தருதல் போதாது. குறிப்பு 'இடம்பெற வேண்டும்' என்பதே உரிமத்தின் சொல். சுட்டிய தளம் நாளை மறைந்துபோகவும் கூடும்.

நான்காவதாக, நாம் சேர்த்த நிரல் தானாகவே அழைத்துவரும் பிற நிரல்களையும் நோக்குதல் வேண்டும். அவற்றின் பட்டியலைத் திரட்டித் தரும் கருவிகள் உள்ளன. ஆயினும் கருவி தந்த பட்டியலை மனிதக் கண் ஒருமுறை சரிபார்த்தல் இன்றியமையாதது.

ஐந்தாவதாக, திருத்தம் செய்திருப்பின் அதனைக் குறித்தல் வேண்டும். நாம் செய்த பிழைக்கு முதலாசிரியர் பழி சுமக்கலாகாது.

மிகையும் குறையும்

பெயர் சுட்டுவதிலும் அளவு உண்டு. பி.எஸ்.டி. உரிமத்தின் பழைய வடிவம், அம்மென்பொருளைக் குறிப்பிடும் விளம்பரம் ஒவ்வொன்றிலும் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லும் ஒரு தொடரைச் சேர்க்கக் கட்டளையிட்டது. பிறரும் தத்தம் பெயரை இட்டு அதே விதியை வகுத்துக்கொண்டனர். 1997ஆம் ஆண்டின் நெட்பி.எஸ்.டி. பதிப்பொன்றில் இத்தகைய தொடர்கள் 75 இருக்கக் கண்டதாக ஸ்டால்மன் எழுதினார். விளம்பரமே பெயர்ப்பட்டியலாகிவிடும் நிலை அது. பல்கலைக்கழகம் 1999ஆம் ஆண்டு ஜூலையில் அவ்விதியை நீக்கியது. பெயர், எவ்விடத்தும் முழங்க வேண்டுவதில்லை. தேடுவோர்க்குக் கிடைக்குமிடத்தில் நிலையாக இருந்தாற் போதும் என்பதே இதனால் பெறப்படும் பாடம். பாயிரம் நூலின் முகப்பில் ஒருமுறைதான் வரும், பக்கந்தோறும் வருவதில்லை.

முடிவுரை

திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்தார். மனிதர்க்கு நன்றி செலுத்துவதை இறைவனுக்கு நன்றி செலுத்துவதோடு இணைத்துப் பேசும் நபிமொழியையும் நாம் அறிவோம். திறமூல நிரலை ஆக்கியோர், நம் முகம் அறியாதவர். நம்மிடம் பொருள் வேண்டாதவர். அவர் நம்மிடம் ஒப்படைத்த அமானத் அவர்தம் பெயரேயாகும். பிறர் உழைப்பைத் தன்னுடையதாகக் காட்டி மதிப்பெண் பெறும் பழக்கம் கல்விக்கூடத்திலேயே வேரூன்றின், பின்னர் அலுவலகத்திலும் ஆய்விலும் அதனைக் களைதல் அரிது.

ஆதலின், செய்முறைத் திட்டங்களை மதிப்பிடும் ஆசிரியப் பெருமக்கள், செயலி இயங்குகின்றதா என்று காண்பதோடு உரிமப் பக்கம் உள்ளதா என்றும் வினவுதல் வேண்டும். மாணவரும் தம் பெயரை ஒப்படைப்பின் முகப்பில் எழுதுமுன், தமக்குமுன் எழுதியோர் பெயர்கள் உள்ளே உள்ளனவா என்று ஒருமுறை நோக்குவாராக. தாம் எழுதும் நிரலுக்கும் ஓர் உரிமத்தைத் தேர்ந்து தம் பெயரை இட்டு வெளியிடுவாராயின், அந்த நீண்ட வரிசையில் அவரும் ஒரு கண்ணியாவார். இன்று அவர் காத்த பெயர்களைப்போலவே அவர் பெயரையும் நாளை ஒருவர் காப்பார்.